மாடு முன்வாசல் வழியாக வரட்டும்

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற சாலையோரம் ஒரு டாக்டர் தம்பதி கால்நடை மருத்துவமனை கட்டப் போகிறார்கள். இருவரும் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். வரைபட வேலை என்னிடம் வந்திருக்கிறது. முதல் சந்திப்பில் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த படங்களைக் காட்டினார்கள். கண்ணாடி முகப்பு, பளிங்கு மாதிரி வெள்ளைத் தரை, சுவரில் நாய்க்குட்டி ஓவியம், ஏசி போட்ட காத்திருப்புக் கூடம். பார்க்க நன்றாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு படத்தில்கூட மாடு இல்லை.

"மாடு எங்கேம்மா வரும்?" என்று கேட்டேன்.

"பின்னாடி ஒரு ஷெட் போட்டுக்கலாம்ங்க" என்றார் டாக்டரம்மா.

அந்த ஷெட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம், அதாவது கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, பெருமாட்டி என்று தமிழ் பேசுகிற ஊர்கள் எல்லாம், காலையும் மாலையும் பால் சொசைட்டி வாசலில் கேனோடு நிற்கிற ஊர்கள். பொள்ளாச்சி சந்தையில் மாடு பிடித்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாக ஓட்டி வந்து வளர்க்கிறவர்கள் இங்கே ஏராளம். இந்த மண்ணில் கட்டுகிற ஆஸ்பத்திரிக்கு யார் வரப்போகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. முகப்பு நாய்க்கும் பூனைக்கும், முதுகுப்புறம் மாட்டுக்கும் என்று கட்டினால், மாட்டோடு வருகிற மனிதனையும் சேர்த்துத்தான் பின்பக்கம் அனுப்புகிறோம். நான் அதற்கு உடன்படவில்லை. ஒரே முகப்பு, இரண்டு வழி என்று வரைந்து கொடுத்தேன். வாசல் கேட் தாண்டியதும் இடக்கைப் பக்கம் மாட்டு வழி, வலக்கைப் பக்கம் சின்னப் பிராணிகளின் வழி. இரண்டும் சாலையைப் பார்த்தபடி, சம மரியாதையோடு.

வழிகள் தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும். நாய் குரைத்தால் மாடு மிரளும். மிரண்ட மாடு உதைத்தால் ஆளுக்கு எலும்பு போகும். பிரிப்பது வேறு, ஒதுக்குவது வேறு. உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கியபோது, குதிரையும் மாட்டுக் கொள்ளை நோயும்தான் அதற்குக் காரணம். நம் சென்னைக் கல்லூரி 1903-ல் வந்தபோதும் பெரிய பிராணிகளே முதன்மை. செல்லப் பிராணிகள் பின்னால் சேர்ந்தவை. இன்று கட்டடங்களில் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. காசு எந்தப் பக்கமிருந்து வருகிறதோ முகப்பும் அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது, வேறு காரணம் இல்லை.

பக்கத்து ஊரில் ஒரு மிருகாஸ்பத்திரியில் நான் பார்த்த காட்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். அறுபது வயது தாண்டிய ஒரு அம்மா, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) என்கிற சீமை இனக் கலப்பு மாடு ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். வாசலுக்குக் குறுக்கே மழைநீர் வடிகால், அதன்மேல் இரும்புக் கம்பிச் சட்டம். மாடு அதன்முன் வந்து நின்றது, நகரவே இல்லை. தலையைத் தாழ்த்தி மூச்சை உஸ்ஸென்று விட்டது. முன்னால் இருவர் மூக்கணாங்கயிற்றை இழுத்தார்கள், பின்னால் ஒருவர் வாலை முறுக்கினார். மாடு பயத்தில் மூத்திரம் பெய்து, அந்த ஈரத்திலேயே பின்னங்கால் வழுக்கி மண்டியிட்டது. அந்த அம்மா, "அடிக்காதீங்க சாமி, செனையா இருக்குது" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். கடைசியில் டீக்கடைப் பையன் ஒருவன் ஈரச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து கம்பிச் சட்டத்தின் மேல் விரித்தான். மாடு ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தானாகத் தாண்டிப் போனது.

மாட்டின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் 300 பாகைக்கு மேல் அதற்குப் பார்வை விரிந்திருக்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஆனால் ஆழத்தைக் கணிப்பதில் அது நம்மைவிடப் பலவீனமானது. தரையில் விழுகிற கரிய பட்டை நிழலா, குழியா, கம்பியா என்று நின்று குனிந்து பார்த்தால்தான் அதற்குப் பிடிபடும். நாம் அந்த அவகாசத்தைக் கொடுக்காமல் இழுக்கிறோம். அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் 1970-களில் மாட்டுப் பட்டிகளில் மாடு நடக்கிற சந்துக்குள் தானே இறங்கி, மாட்டின் கண்மட்டத்தில் குனிந்து, எது மிரட்டுகிறது என்று தேடினார். தொங்குகிற சங்கிலி, வேலியில் மாட்டிய சட்டை, தேங்கிய தண்ணீரில் மின்னுகிற வெயில், இவைதான் காரணங்களாகக் கிடைத்தன. எல்லாம் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடியவை.

ஆகவே மாட்டு வழியில் எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள் சில. கேட்டிலிருந்து சிகிச்சைக் கூடம் வரை தரை ஒரே நிறம். வழிக்குக் குறுக்கே வடிகால் கிடையாது, ஓரமாகவே ஓடும். இப்போது எல்லா வீட்டு முகப்பிலும் போடுகிறார்களே, சட்டம் சட்டமாகப் பந்தல், அது வேண்டாம். பகல் முழுக்கத் தரையில் வரிவரியாக நிழல் போட்டுக்கொண்டே இருக்கும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பாணியில் இடைவெளி விட்டுக் கட்டுகிற செங்கல் ஜாலிச் சுவர் எனக்கு உயிர். கேரளத்தில் கட்டடம் கற்றவர்கள் யாருக்கும் அந்தப் பிரியம் இருக்கும். ஆனாலும் மாட்டுக் கூடத்தில் ஜாலியைக் கண்மட்டத்தில் வைக்கவில்லை. புள்ளி புள்ளியாக வெயில் விழுந்தால் அதுவே தடை. அலுவலகச் சுவர்களில், செங்கல்லை நிமிர்த்தி வைத்துக் கட்டுகிற பேக்கரின் எலிப்பொறிக் கட்டுமானம் வருகிறது. செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும், நடுவில் வெற்றிடம் இருப்பதால் வெப்பமும் குறையும்.

வெளிச்சமும் ஒரு விஷயம். வெயிலில் நடந்து வந்த மாடு இருட்டறையைக் கண்டால் நுழையாது. கூடத்தின் கூரையில் பால் நிறத் தகடுகள் வரிசையாக வைத்து, உள்ளே பரவலான வெளிச்சம் கிடைக்கும்படி செய்திருக்கிறேன். ஓட்டுக் கூரை, பதினான்கு அடி உயரம், முகட்டில் சூடு வெளியேற இடைவெளி. இடுப்பளவு சுவர், அதற்கு மேல் திறந்த வெளி, நீண்ட இறவாரம். கலப்பின மாடுகளுக்குச் சூடு ஆகாது. பாலக்காட்டு மார்ச், ஏப்ரலில் மதியம் குட்டியானை வண்டியில் நின்று வந்த மாடு இறங்கும்போதே வாயில் நுரை தள்ளி மூச்சு வாங்கும். அதற்கு ஊசி போடுவதற்கு முன்னால் நிழலும் தண்ணீரும் விசிறியும் கொடுப்பதுதான் சிகிச்சை. இறங்கும் இடத்திலேயே தண்ணீர்த் தொட்டி, வேப்பமர நிழல். அந்த மரம் மனையில் ஏற்கெனவே இருக்கிறது, அதை வைத்துத்தான் மாட்டு வழியையே நிர்ணயித்தேன்.

வண்டியிலிருந்து இறக்கச் சாய்தளம் வேண்டும். வழுவழுப்பான சாய்தளத்தைவிடப் படிபோட்ட சாய்தளம் நல்லது. நாலு அங்குலத்துக்கு மிகாத உயரம், ஒரு அடி அகலம் கொண்ட தாழ்வான படிகள். மொத்தச் சரிவு இருபது பாகையைத் தாண்டக்கூடாது. இரண்டு பக்கமும் மூடிய சுவர் இருந்தால் மாடு பக்கவாட்டில் எட்டிப் பார்க்காமல் இறங்கிவிடும்.

தரைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இந்தப் பக்கம் கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சாதாரண அஸ்திவாரம் போட்ட வீடுகளில் ஐந்தாறு வருடத்தில் தரை விண்டுபோவதைப் பார்க்கிறோம். வீட்டில் அது கண்ணுக்கு உறுத்தல், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் விரிசலுக்குள் சாணமும் ரத்தமும் இறங்கினால் எந்த மருந்து ஊற்றியும் சுத்தமாகாது. எனவே சுவர்களுக்கு அடி பருத்த கான்கிரீட் குத்துத் தூண் அஸ்திவாரம், தரைக்கு அடியில் கரிசலை வெட்டியெடுத்துவிட்டு கிராவல் நிரப்பல். செலவு கூடும். டாக்டர் தயங்கினார். முகப்புக் கண்ணாடியை விட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று எழுதிக் காட்டினேன்.

தரையின் மேற்பரப்பு, மாட்டுப் பகுதியில் சிமெண்ட். ஈரமாக இருக்கும்போதே கட்டம் கட்டமாகக் கோடு இழுத்தது. நாய்ப் பகுதியிலும் பளபளக்கும் டைல்ஸ் கிடையாது. நாய்க்கு வியர்வைச் சுரப்பி பாதத்தில் இருக்கிறது. பயந்த நாயைச் சில்வர் மேஜைமேல் நிறுத்திப் பாருங்கள், ஈரமான பாதத் தடம் பதியும். அந்த ஈரத்திலேயே கால் வழுக்கும், வழுக்கினால் இன்னும் பயம். மேஜைமேல் ரப்பர் விரிப்பு போட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. பெரிய நாய்களைத் தரையில் வைத்தே பார்க்கலாம் என்பதால் பரிசோதனை அறைகளைக் கொஞ்சம் அகலமாகவே வைத்திருக்கிறேன்.

அடுத்தது காற்று. இந்த ஊர்க்காரர்கள் அல்லாதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே இருக்கிற பாலக்காட்டுக் கணவாயில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மழைக்காற்று, மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று; இரண்டுமே கதவைப் பிய்க்கும். தொற்று நோய் அறையை மேற்கே வைத்தால் ஆடி மாதம் அதன் காற்று முழுக் கட்டடத்துக்குள் வரும். கிழக்கே வைத்தால் தை மாதம் வரும். அதனால் அந்த அறை வடகோடியில், காற்றின் போக்குக்குப் பக்கவாட்டில், தனி வாசலோடு நிற்கிறது. வேறு ஊரில் வரைந்த படத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே கட்ட முடியாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்த ஒரு அறை போதும்.

அந்த அறை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பார்வோ என்கிற நாய்களின் வைரஸ் நோய். வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக வருகிற குட்டிநாய் ஒன்று காத்திருப்புக் கூடத்தில் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போனால், அந்தக் கிருமி மாதக்கணக்கில் அங்கே உயிரோடு இருக்கும். தடுப்பூசி போட வந்த வேறு குட்டிக்கு அது எமன். ஆகவே கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னல். வருகிறவர்களிடம் என்ன நோய் என்று கேட்டு வழி காட்ட ஒரு ஆள். வெறிநோய்ச் சந்தேகமுள்ள பிராணிக்கும் அங்கிருந்தே தனி வழி. அந்த ஜன்னலுக்கு அடியில் ஒரு குழாயும் சோப்பும் கட்டாயம் இருக்கும். கடிபட்டவர் யாராக இருந்தாலும் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அதன்பிறகு மனித ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கோமாரிக் காலத்தில் காலை நனைத்துக்கொண்டு வெளியேற மாட்டு வழியின் முடிவில் சலவைச் சோடாக் கரைசல் தொட்டி. அதன் அடித்தளமும் வழியின் அதே நிறம், இல்லாவிட்டால் மாடு அங்கே நின்றுவிடும்.

சத்தம் பற்றி நம் ஊர்க் கட்டடங்களில் யாரும் கவலைப்படுவதே இல்லை. மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு ஏறத்தாழ 45,000, பூனைக்கு 64,000. நமக்கு அமைதியாகத் தெரிகிற அறையில் பழைய குழல்விளக்கின் இரைச்சல் பூனைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மாட்டுக் கூடத்தில் கேட்கும் ஓசைகளில் மோசமானது இரும்போடு இரும்பு மோதும் ஓசை. டிராவிஸ், அதாவது மாட்டை நிறுத்திச் சிகிச்சை செய்கிற கம்பிக் கூண்டு, அதன் கதவுகளின் தாழ்ப்பாளில் ரப்பர் பட்டை வைக்கச் சொல்லியிருக்கிறேன். சல்லிக் காசு செலவு.

பூனைகள் இங்கே பெரும்பாலும் ஒயர் கூடையிலோ மீன் பெட்டியிலோ சாக்குப் பையிலோ வருகின்றன. அதைத் தரையில் வைத்தால் நாய் மூக்கை நுழைக்கும். பூனைக்கு உயரம்தான் பாதுகாப்பு. அதனால் ஒரு தனி மூலையில், நெஞ்சளவு உயரத்தில் பலகைத் தட்டு, கூடையை மூடத் துவைத்த துணிகள். பூனைக்கென்று தனிக் கூடம் கட்ட இங்கே காசு இல்லை. இந்த மூலை போதும். ஆடுகளைப் பெரும்பாலும் பெண்கள்தான் பிடித்து வருகிறார்கள், பைக்கில் மடியில் கிடத்தியும் கொண்டு வருகிறார்கள். ஆட்டுக்கு மாட்டு டிராவிஸும் பொருந்தாது, நாய் மேஜையும் பொருந்தாது. முழங்கால் உயர மேடை ஒன்று, சுற்றிலும் கம்பி.

டிராவிஸ் என்கிற கம்பிக் கூண்டைத்தான் டாக்டரம்மாவும் நானும் அதிக நேரம் பேசினோம். வழக்கமாக அதை ஒரு சுவரோரம் ஒட்டி நட்டுவிடுவார்கள். ஆனால் மாட்டின் வயிற்றைத் திறக்கிற பெரிய அறுவைகள், தின்ற கம்பியையும் பிளாஸ்டிக்கையும் எடுப்பதும் சரி, கன்றை வயிற்றைக் கீறி எடுப்பதும் சரி, பெரும்பாலும் மாடு நின்றபடியே, இடது விலாப் பக்கம் மரக்கச் செய்து நடப்பவை. அப்படியானால் இடப்பக்கம் நாலு பேர் நிற்க இடம் வேண்டும், கம்பிகள் கழற்றும்படி இருக்க வேண்டும், வடக்கு வெளிச்சம் அந்தப் பக்கத்தில் விழ வேண்டும். மாடு கிழக்கே முகம் பார்த்து நின்றால் இடப்பக்கம் வடக்காகிறது. கூண்டின் திசை இப்படித்தான் முடிவானது. உள் அகலம் இரண்டரை அடி. அதற்கு மேல் வைத்தால் மாடு உள்ளேயே திரும்பப் பார்க்கும். பின்பக்கம் சினை பார்க்கிற டாக்டர் சட்டென்று விலக, கம்பிக்கு நடுவே ஒரு ஆள் சந்து. ஒல்லியாகத் திரும்பினால் மனிதன் நுழையலாம், மாடு நுழையாது. எழ முடியாத மாட்டைத் தூக்கச் சங்கிலிக் கப்பி மாட்ட, கூரையிலிருந்து தனியாகத் தூண் நிறுத்தி ஒரு இரும்புத் தூலம். இதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சேர்க்கவே முடியாது.

மாட்டுக்காரரின் உட்காருமிடம் ஏசிக் கூடத்தில் இல்லை. அவர் மாட்டை விட்டு நகர மாட்டார். கயிறு கையில் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி, மாட்டுக்கும் நிம்மதி. கட்டுக்கம்பங்களைப் பார்த்தபடி நீளத் திண்ணை ஒன்று, பக்கத்தில் குழாய், சற்றுத் தள்ளிக் கழிப்பறை, பெண்களுக்குத் தனியாக. கட்டணப் பலகை மலையாளத்திலும் தமிழிலும் ஒரே அளவு எழுத்தில். மாலைப் பால் கறவைக்குள் வீடு திரும்ப வேண்டியவர்கள் இவர்கள், டோக்கன் வரிசை அந்த நேரத்தைக் கணக்கில் கொண்டு நடக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு டாக்டர்களின் கையில். மருத்துவக் கழிவுகளை நிறம் பிரித்து வைக்க 2016 விதிகள் கேட்கிற அறை பின்புறம், மாட்டு வழியோ மனிதர் வழியோ தொடாத இடத்தில்.

ஒரு சிறிய அறையைப் பற்றி டாக்டர் கேட்டார், அது எதற்கு என்று. தோட்டத்துப் பக்கம் கதவு, தரையில் உட்காரப் பாய், மேஜை இல்லை. நாயைக் கடைசி ஊசிக்குக் கொண்டுவருகிறவர்கள் அழுதபடியே எல்லாரும் பார்க்க முன்கூடத்தைக் கடந்து போக வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து இடம். மருந்துக் கிடங்காக மாற்றிக்கொள்ளலாமே என்றார். அது நியாயமான கேள்விதான், மருந்து வைக்க இடம் குறைவு. கிடங்கை மாடிக்கு ஏற்றி, இந்த அறையை அப்படியே விட்டுவிட்டோம். டாக்டரம்மா உறுதியாக என் பக்கம் நின்றார்.

பஞ்சாயத்து அனுமதி வந்துவிட்டது. கம்பிகளைக் கான்கிரீட்டில் பதிப்பதற்கு முன்னால், மாட்டு வழி முழுக்க மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் மாடுகளை நடத்திப் பார்க்கப் போகிறோம். "ஏனுங்க, ஊசி ஏதும் போட மாட்டீங்கல்ல?" என்று கேட்டுத்தான் சம்மதித்தார். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவை, ஏனென்றால் நிழல் இடம் மாறும். மாடு எங்கே நிற்கிறதோ அங்கே சுண்ணாம்பால் குறி வைத்து, அந்த இடத்தின் வரைபடத்தைத் திருத்திய பிறகே வெல்டிங்காரரை வரச் சொல்வதாகப் பேச்சு.